டப்பாவில் தூக்கம் கிடைக்குமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான்.

கிரியாட்டின் என்ற வெள்ளைப் பவுடரைப் பற்றி ஒரே மாதத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது நாமக்கல்லில் இருந்து வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறான். "பவுடரைக் கரைச்சுக் குடிச்சா நைட்டெல்லாம் அலுப்பில்லாம ஓட்டலாம்னு பசங்க சொல்றாங்க டீச்சர், நெசமா?" என்றான். இன்னொருத்தி என் தங்கை மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. மூன்றாவது, என் பழைய மாணவி. அவள் மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். இரவு இரண்டு மணி வரை கண் விழிக்கிற பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

மூன்று பேரும் ஒரே வீடியோவைத்தான் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. "தூங்காவிட்டாலும் மூளை சுறுசுறுப்பாக இருக்கும், ஜெர்மனி விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்பதுதான் அதன் சாரம்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்து, பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆனால் ஒரு செய்தியைப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆராய்ச்சி நடந்தது உண்மை. ஆனால் அது கண்டதும், அதன் பெயரைச் சொல்லி டப்பா விற்கிறவர்கள் சொல்வதும் ஒன்றல்ல. பவுடரைவிட எனக்குக் கவலை தருவது வேறு: தூக்கத்தை விலைக்கு வாங்கலாம் என்ற எண்ணம் நம் வீட்டுப் பிள்ளைகள் மனதில் வந்துவிட்டால், அவர்களைத் தூங்க விடாத எல்லோருக்கும் அது வசதியாகப் போய்விடும்.

முதலில் இந்தக் கிரியாட்டின் என்றால் என்ன என்று பார்ப்போம்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்தப் பெயரைக் கேட்டதும் "ஐயோ, அது கிட்னிக்கு எடுக்கிற டெஸ்ட் ஆச்சே" என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. கிட்னிக்காக ரத்தத்தில் பார்ப்பது கிரியாட்டினின். கிரியாட்டின் உடம்பில் பயன்பட்டு முடிந்து மாறும் கழிவுதான் கிரியாட்டினின். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் அது ரத்தத்தில் தேங்கும், அதனால் அதை அளந்து பார்க்கிறார்கள். கடைசியில் இருக்கும் ஒரு "னி" எழுத்து இவ்வளவு வித்தியாசம் செய்கிறது. ஒற்று விட்டால் பொருள் மாறும் என்று அன்றைக்கு நான் சொன்னபோது சிரித்தீர்கள்.

கிரியாட்டினை 1832இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியில் இருந்து பிரித்தெடுத்தார். இறைச்சிக்கான கிரேக்கச் சொல்லில் இருந்துதான் அந்தப் பெயரே வந்தது. நம் உடம்பே தினமும் சுமார் 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. கறி, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு உணவில் இருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. உடம்பில் இருப்பதில் 95 சதவீதம் தசையில்தான் இருக்கிறது. மிச்சம் மூளையிலும் மற்ற இடங்களிலும்.

அதன் வேலை என்ன? நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஏடிபி என்ற பொருளைச் செலவழித்துத்தான் வேலை செய்கிறது. அது கையில் இருக்கும் சில்லறை மாதிரி. சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஏடிபி தயாரிப்பது பேங்குக்குப் போய்ப் பணம் எடுப்பது மாதிரி, நேரமாகும். திடீரென்று செலவு வந்தால் என்ன செய்வோம்? பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்குவோம். அந்தக் கைமாத்துதான் கிரியாட்டின் பாஸ்பேட். செல்லில் சில்லறை தீரும்போது உடனே ஒரு பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை நிரப்பிவிடும். அப்புறம் நேரம் கிடைக்கும்போது கணக்கைச் சரிசெய்துகொள்ளும்.

எடை தூக்குகிறவர்கள் இதைச் சாப்பிடுவது அதனால்தான். கடைசி இரண்டு மூன்று தூக்குக்குக் கைமாத்து உதவுகிறது. அந்த விஷயத்தில் பல வருட ஆராய்ச்சி இருக்கிறது, தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்துக்கொள்வது ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் கண்டிருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகிற பேரன்களை வீட்டில் திட்டிக்கொண்டிருக்கும் பாட்டிகள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவன் சாப்பிடுவது போதைப் பொருள் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை.

இப்போது மூளைக்கு வருவோம். நம் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு செலவாளிக்கு இரவெல்லாம் விழித்திருந்து சில்லறை தட்டுப்பாடு வந்தால் கைமாத்து உதவுமா என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஜெர்மனியில் யூலிஷ் என்ற ஊரில் ஒரு பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அலி கோர்ஜி நெஜாத் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை 2024 பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழில் வெளிவந்தது. 15 பேர், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். அவர்களை 21 மணி நேரம் தூங்க விடாமல் வைத்திருந்தார்கள். ஒரு முறை கிரியாட்டின், இன்னொரு முறை கிரியாட்டின் இல்லாத போலிப் பவுடர். எது எந்த நாள் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஸ்கேன் கருவியில் படுக்க வைத்து மூளையில் பாஸ்பேட் கணக்கையும் பார்த்தார்கள், நினைவாற்றல், சிந்தனை வேகம் இவற்றுக்குத் தேர்வும் வைத்தார்கள்.

கிரியாட்டின் எடுத்த இரவில் மூளையின் சக்திக் கணக்கில் மாற்றம் தெரிந்தது. குறுகிய கால நினைவும், கணக்குப் போடும் வேகமும் போலிப் பவுடர் இரவைவிட நன்றாக இருந்தன. சாப்பிட்டு 4 மணி நேரத்தில் உச்சம், சுமார் 9 மணி நேரம் வரை பலன். அதுவரை, கிரியாட்டின் மூளைக்குள் போக வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரே வேளையில் வேலை செய்தது என்பதுதான் இதில் புதுமை. நல்ல ஆராய்ச்சிதான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் வீடியோவில் சொல்லாமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. நோட்டை எடுங்கள். அவர்கள் கொடுத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.35 கிராம். 60 கிலோ எடை இருக்கிறவருக்கு எவ்வளவு? 60 பெருக்கல் 0.35, விடை 21 கிராம். ஒரே மூச்சில். கடையில் விற்கும் டப்பாவுக்குள் இருக்கும் கரண்டி பெரும்பாலும் 3 முதல் 5 கிராம்தான் பிடிக்கும். ஆக, 5 கிராம் கரண்டி என்றாலே நாலு கரண்டிக்கும் மேல். ஒரு கிலோ மாட்டிறைச்சியில் கிரியாட்டின் ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம்தான் இருக்கிறது. அப்படியென்றால் அந்த 15 பேரும் நாலு கிலோ கறிக்குச் சமமானதை ஒரே வேளையில் விழுங்கியிருக்கிறார்கள். இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், சிறுநீரகத்துக்குச் சுமை என்று அந்த ஆராய்ச்சிக் குழுவே சொல்லியிருக்கிறது.

21 கிராமில் கண்டதைக் காட்டி 5 கிராம் கரண்டியை விற்பது என்ன கணக்கு? பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நான் சுழித்து முட்டை போட்டிருப்பேன்.

இது ஒன்றுதான் ஆராய்ச்சியா என்றால், இல்லை. 2006இல் இங்கிலாந்தில் சிச்செஸ்டரில் ஒரு சோதனை நடந்தது. தினமும் 20 கிராம் வீதம் ஏழு நாள் கொடுத்துவிட்டு, 24 மணி நேரம் தூங்க விடாமல் பார்த்தார்கள். கிரியாட்டின் எடுத்தவர்களுக்குக் கை கால் எதிர்வினை வேகம், உடல் சமநிலை, மனநிலை இவை அவ்வளவாகக் கெடவில்லை. அடுத்த வருடம் அதே குழு 36 மணி நேரம் வரை போனது. அதில் மிகக் கடினமான ஒரு சோதனையில் மட்டும்தான் வித்தியாசம் தெரிந்தது, மற்றவற்றில் இல்லை. 2011இல் ரக்பி வீரர்கள் 10 பேரை 3 முதல் 5 மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பந்து வீசச் சொன்னார்கள். கிரியாட்டின் உதவியது. காபியில் இருக்கும் கஃபீனும் அதே அளவுக்கு உதவியது.

நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு மூளைக்குப் பலன் உண்டா? 2003இல் சிட்னியில் சைவ உணவு சாப்பிடும் 45 பேருக்குத் தினமும் 5 கிராம் ஆறு வாரம் கொடுத்தபோது நினைவாற்றல் கூடியது என்றார்கள். அதை வைத்துத்தான் "சைவர்களுக்குக் கட்டாயம் தேவை" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2023இல் 123 பேரை வைத்து, சைவர்களையும் அசைவர்களையும் சேர்த்து, அதே அளவில் அதே ஆறு வாரம் செய்து பார்த்தார்கள். பலன் இருந்தால் மிகச் சிறியதுதான், சைவர்களுக்குத் தனியாகக் கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. 2024இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லா ஆராய்ச்சிகளையும் எடுத்து வைத்துப் பார்த்து, கிரியாட்டின் சாப்பிட்டால் மூளைத் திறன் கூடும் என்று லேபிளில் போடும் அளவுக்கு ஆதாரம் நிறுவப்படவில்லை என்று முடிவு சொன்னது.

ஆக, தூக்கம் கெட்ட மூளைக்கு ஓர் இரவு கைகொடுக்கக்கூடும் என்பதற்கு நம்பிக்கை தரும் ஆரம்ப அறிகுறிகள் இருக்கின்றன. சோதித்தவர்கள் எண்ணிக்கை 10, 15, 19 என்ற அளவில்தான் இருக்கிறது. நம் பள்ளியில் ஒரு பெஞ்ச் வரிசை அவ்வளவு இருக்கும். அதற்கு மேல் இன்றைக்குச் சொல்ல முடியாது.

சரி, நாளைக்கு 1500 பேரை வைத்துச் சோதித்து, அது உறுதியாகவே வேலை செய்கிறது என்று வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது தூக்கத்தை விட்டுவிடலாமா?

இங்கேதான் என் வாதமே இருக்கிறது. கைமாத்து வாங்கியவனுக்கு அன்றைய செலவு நடக்கும், வருமானம் வந்துவிடாது. தூக்கம் என்பது மூளையின் பெட்ரோல் மட்டும் இல்லை. பகலில் படித்ததை, பார்த்ததை, பழகியதை எடுத்து அடுக்கி நிலையாகப் பதிய வைக்கும் வேலை தூக்கத்தில் நடக்கிறது. உடம்பு வளர்வதற்கான ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். நோய் எதிர்ப்புச் சக்தி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றின் ஒழுங்கும் தூக்கத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது. இவற்றில் எதையும் அந்த ஜெர்மனி சோதனை அளக்கவில்லை. அளந்தது ஓர் இரவில் சில தேர்வுகளை.

டீ, காபியும் இப்படித்தான். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். அது உட்காரும் நாற்காலியில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்வதால் தூக்கம் வருவது தெரியாது. ஆனால் அடினோசின் போய்விடவில்லை, நின்றுகொண்டே இருக்கிறது. கஃபீன் எழுந்ததும் மொத்தமாக வந்து உட்காரும்.

இன்னொரு ஆராய்ச்சி சொல்கிறேன். எனக்குப் பயம் தந்தது இது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளிவந்தது. 48 பேர். சிலருக்கு இரவில் 8 மணி நேரத் தூக்கம், சிலருக்கு 6, சிலருக்கு 4, இப்படி 14 நாள். 6 மணி நேரமும் அதற்குக் கீழும் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு வாரம் முடியும்போது இரண்டு இரவு முழுசாகத் தூங்காதவர்கள் அளவுக்கு வந்துவிட்டது. அதைவிட முக்கியம், அவர்களுக்கே அது தெரியவில்லை. "பழகிப் போச்சு, நல்லாத்தான் இருக்கேன்" என்ற நினைப்பிலேயே இருந்தார்கள்.

"எனக்கு அஞ்சு மணி நேரம் போதும் டீச்சர்" என்று சொல்லும் என் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குடித்தவன் "நான் ஸ்டெடி" என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் அதையே அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கை கண் ஒத்துழைப்பு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருக்கிறவர்கள் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 100 மில்லிகிராம் அளவுக்கு. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 30 மில்லிகிராமுக்கு மேல் போனாலே குற்றம். காலையில் 5 மணிக்கு எழுந்தவனுக்கு இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனை ஊதச் சொன்னால் மிஷின் ஒன்றும் காட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கேட்ட மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்கிறேன். அவர்களைப் போல இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

லாரி ஓட்டுகிற தம்பி, நம் பக்கத்தில் லாரித் தொழில் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் தூரப் பயணத்துக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று போவார்கள். ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்குவார். இப்போது டீசல், டோல், டியூ என்று எல்லாம் ஏறிப்போய், பல வண்டிகளில் ஒரே ஆள். இரண்டாவது டிரைவர் இருந்த இடத்தில் இந்தப் பவுடர் டப்பாவை வைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு கணக்குப் போடு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் போகும். மூன்று நொடி கண் அசந்தால் 50 மீட்டர். நம் பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு முனையில் இருந்து மறு முனை. அவ்வளவு தூரம் லோடு வண்டி ஆள் இல்லாமல் போகிறது. கண் அசருவதைப் பவுடர் தடுத்துவிடும் என்று எந்த ஆராய்ச்சியும் லாரி டிரைவர்களை வைத்துக் காட்டவில்லை. கணினித் தேர்வில் பதில் சொல்லும் வேகம் கூடுவது வேறு, ரோட்டில் கண் மூடாமல் இருப்பது வேறு.

1961ஆம் வருடமே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தூரப் பயணம் போன்றவற்றுக்கு மட்டும் அனுமதியோடு 10 மணி நேரம் வரை என்று அதில் எழுதியிருந்தது. நான் பள்ளிக்கூடமே போகாத காலத்தில் எழுதியது. காகிதத்தில் இருந்த அந்த எட்டு மணி நேரம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரோட்டில் கிடைக்கவில்லை. என் பழைய மாணவர்களில் வண்டி வைத்திருக்கும் முதலாளிகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். லோடு இறக்கும் நேரத்தை நிர்ணயிக்கும்போது அதில் தூக்கத்துக்கும் நாலு மணி நேரம் சேர்த்து எழுதுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அவன்தான் இருக்கிறான்.

நர்ஸ் வேலை பார்க்கும் கண்ணு, உன் விஷயம் வேறு. நீ விழித்திருப்பதால்தான் நாலு பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நைட் டூட்டி இல்லாத ஆஸ்பத்திரி கிடையாது. உன்னைப் போன்றவர்களுக்கு இந்த ஆராய்ச்சி ஒரு நாள் உண்மையாகவே பயன்படலாம், அது நடந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அதுவரை உனக்கு வேண்டியது மூன்று. டூட்டிக்குப் போகும் முன் மத்தியானம் ஒன்றரை மணி நேரமாவது படு. டூட்டியில் ஒருவரை ஒருவர் மாற்றி விட்டு இருபது நிமிடம் கண் அயர இடம் கேளுங்கள். அது சலுகை இல்லை, நோயாளியின் பாதுகாப்பு. காலையில் டூட்டி முடிந்து ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வராதே, பஸ்ஸில் வா. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரவு வேலை பார்த்துவிட்டு வந்த மருமகள் பத்து மணிக்குத் தூங்கினால் "பகல்ல என்ன தூக்கம்" என்று கேட்காதீர்கள். மகன் தூங்கினால் ஜன்னலைச் சாத்திவிட்டு சத்தம் போடாமல் நடக்கிறோம், அவளுக்கும் அதையே செய்யுங்கள்.

நீட் படிக்கும் பையனின் அம்மா, உனக்கு நேராகவே சொல்கிறேன். வேண்டாம் அம்மா. அந்தப் பையனுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. அவன் இரண்டு மணி வரை படிக்கிறான், ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறார்கள். மூன்றரை மணி நேரம். படித்ததைப் பதிய வைக்கும் வேலை நடப்பது தூக்கத்தில் என்று மேலே சொன்னேன். அதைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் இரண்டு பாடம் படிக்கச் சொல்வது, விதைத்த கையோடு நிலத்தை மறுபடி உழுவது மாதிரி. முளைக்க நேரம் விட வேண்டாமா?

நம் மாவட்டத்துக்குப் படிப்பில் பெரிய பெயர் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்க்கிறார்கள். சில விடுதிகளில் விளக்கு அணையும் நேரத்தையும் எழுப்பும் நேரத்தையும் கேட்டால் வயிறு கலங்குகிறது. கோழிப் பண்ணையில் கூட வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் பீரியடில் வாயைப் பிளந்து கொட்டாவி விடும் பிள்ளையை முப்பது வருடத்துக்கு மேல் பார்த்தவள் நான். அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னாலும் ஏறாது. முகம் கழுவி வரச் சொன்னாலும் பத்து நிமிடம்தான். பவுடர் கொடுத்து அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு மணி நேரமாக நீட்டினால், பாடம் நடத்துகிறவர்களுக்கு நிம்மதி. பிள்ளைக்கு அல்ல. மகனின் தூக்கத்தைக் குறைத்து மார்க் வாங்குகிற ஊரில் யாராவது ஒருவர் முதலில் "என் பிள்ளை பத்தரைக்குப் படுப்பான்" என்று சொல்ல வேண்டும். அது நீயாக இரு.

"மற்ற பிள்ளைகள் எல்லாம் கண் விழித்துப் படிக்கும்போது இவன் மட்டும் தூங்கினால் பின்தங்கிவிட மாட்டானா" என்று நீ கேட்பாய். நியாயமான பயம்தான். அந்தப் பயத்தில் இருந்துதான் இந்தப் பவுடர் வியாபாரமே நடக்கிறது. இன்றைக்கு ஒரு பிள்ளை குடித்தால் நாளைக்கு அறையில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் குடிக்க வேண்டி வரும். எல்லோரும் குடித்தபிறகு யாருக்கும் முந்தி நிற்கும் லாபம் இருக்காது, எல்லோருக்கும் தூக்கம் மட்டும் போயிருக்கும்.

பொதுவாக எல்லோருக்கும் சில விஷயங்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

1. சிறுநீரகத்தில் பிரச்சினை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிரியாட்டின் பக்கம் போக வேண்டாம்.

2. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பவுடர் சாப்பிட்டால் கிட்னி நன்றாக இருக்கும்போதே கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம். சொல்லாவிட்டால் அவரும் குழம்புவார், நீங்களும் பயந்துபோவீர்கள்.

3. டப்பாவில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம் பையன் பிரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

4. "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று யார் சொன்னாலும் நாலு கேள்வி கேளுங்கள். எத்தனை பேர்? எவ்வளவு அளவு? எத்தனை நாள்? எதை அளந்தார்கள்? இந்த நாலுக்கும் பதில் சொல்லாதவர் உங்களுக்குப் பொருள் விற்கத்தான் வந்திருக்கிறார்.

5. தவிர்க்கவே முடியாத இரவு விழிப்பு வரும், கல்யாணம், ஆஸ்பத்திரி, பயணம் என்று. அதற்கு முந்தின நாள் நன்றாகத் தூங்குங்கள். டீயை இரவின் முற்பகுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வண்டி ஓட்டாதீர்கள், பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள், பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் அறிவியலுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யூலிஷில் அந்த 15 பேரையும் தூங்க விடாமல் வைத்தது, மூளை எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். முடிந்ததும் அவர்கள் போய்த் தூங்கியிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை முடிவதே இல்லை. மாதக்கணக்கில் நடக்கிறது, அதற்குச் சம்பளம் என்றும் ரேங்க் என்றும் பெயர் வைத்திருக்கிறோம். இந்தப் பவுடரில் நல்லது இருந்தால் அது வரட்டும். ஆனால் எட்டு மணி நேரம் வேலை என்று போராடி வாங்கிய உலகத்தில், எட்டு மணி நேரம் தூக்கம் என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கேட்க முடியாதவர்களுக்காக, கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் கேளுங்கள்.

கடைசியாக வீட்டுப்பாடம். இன்று முதல் ஏழு நாள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். போனில் வேண்டாம், தாளில். ஏழாம் நாள் கூட்டி ஏழால் வகுத்து, வந்த சராசரியைக் கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள். மறைக்கக் கூடாது, பார்த்து எழுதக் கூடாது. ஏழுக்குக் கீழே வருகிறவர்களுக்கு நானே போன் செய்வேன். லாரி ஓட்டுகிறவர்கள், நைட் ஷிப்ட் போகிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள். என் மாணவர்களில் டாக்டர்கள், மருந்தாளுநர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இருந்தால் சேருங்கள். எல்லோரும் படித்துப் பயன் பெறட்டும்.

மணி ஒன்பதரை ஆகிறது. நான் படுக்கப் போகிறேன். நீங்களும் போனை வையுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்